பீரோவுக்கு அடியில் ஒரு விருந்தாளி

எங்கள் வீட்டு பீரோவுக்கு அடியில் ஒருவர் நாலு நாளாகத் தலைமறைவாக இருந்தார். எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. சாம்பல் உடம்பில் கறுப்புக் கோடுகள். வயசு ஒன்றரை மாசம்.

அவரை வெளியே வரவழைக்க நான், என் மனைவி, ஏழாவது படிக்கும் மகள் மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, ‘ச்சு... ச்சு... வாடா தங்கம்’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம். பதிலுக்கு அவர் வாயைத் திறந்து ‘ஹ்ஹ்ஹா’ என்று சீறினார். பேச்சுவார்த்தை அத்துடன் முறிந்தது.

“அன்பாத்தானப்பா கூப்பிடறோம்... அப்புறம் ஏன் பயப்படுது?” என்று கேட்டாள் மகள்.

சாதாரணக் கேள்விதான். ஆனால், அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. நாம் அன்பு என்று நினைத்துச் செய்வது எதிரில் இருப்பவருக்கும் அன்பாகத்தான் தெரியும் என்று யார் சொன்னது?

காங்கேயம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காளைதான் ஞாபகம் வரும். எங்களைக் கேட்டால் அரிசி மில், தேங்காய் எண்ணெய் மில், கொப்பரை காயும் களம் என்று அடுக்குவோம். ஊரைச் சுற்றி நெல் மூட்டை. மூட்டை இருக்கும் இடத்தில் எலி. எலி இருக்கும் இடத்தில் பூனை. இதை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை, சம்பளமும் கிடையாது. தானாக வரும், தானாக இருக்கும்.

அப்படி ஒரு அரிசி மில்லுக்கு ஒரு கட்டுரை விஷயமாகப் போயிருந்தேன். கிளம்பும்போது மேஸ்திரி கூப்பிட்டார். மூட்டை அடுக்குக்கு நடுவில் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது.

“ஏனுங் சார், உங்கூட்ல பாப்பா கேட்டுட்டே இருக்குதுன்னு சொன்னீங்களே, இதயக் கொண்டு போங்க. தாய் மத்ததையெல்லாம் வேற எடத்துக்கு மாத்திருச்சுங்க. இது ஒண்ணு நின்னு போச்சு.”

“தாய் திரும்ப வராதுங்களா?”

“வந்தாலும் வருமுங்க. ஆனா நாளைக்கு இந்த அடுக்கு பூராத்தையும் லாரியில ஏத்தீருவோமுங்க.”

நான் யோசித்தேனா? உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், யோசிக்கவில்லை. மகளின் முகம் எப்படி மலரும் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. மேஸ்திரி குட்டியைப் பிடித்து ஒரு சாக்கில் போட்டு வாயைச் சுருட்டிக் கொடுத்தார். “சாக்கோட கொண்டு போங்க. வழி பாத்துக்கிச்சுன்னா திரும்ப வந்துருமுங்க” என்று ஒரு எச்சரிக்கை வேறு. டூ வீலரின் முன்னால் சாக்கு. சாக்குக்குள் இருட்டு. வெளியே திருப்பூர் ரோட்டு லாரிகளின் ஹாரன். இப்படித்தான் அந்த ஜீவன் எங்கள் ‘அன்பான’ வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நடு ஹாலில் சாக்கை அவிழ்த்தோம். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் ஆஜர். ஒருத்தி செல்போனில் படம் எடுக்கிறாள். ஒருத்தன் வாலைத் தொடுகிறான். என் மனைவி கிண்ணம் நிறையப் பசும்பால் கொண்டுவந்து அதன் மூக்கருகே வைத்தாள். மகள் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பெயர்கூடத் தயாராக இருந்தது. அரிசி மில்லில் இருந்து வந்ததால் பொன்னி.

பொன்னிக்கு இந்த மரியாதை எதுவும் பிடிக்கவில்லை. ஒரு துள்ளு. மகளின் முன்கையில் மூன்று கோடுகள். அடுத்த கணம் பீரோவுக்கு அடியில்.

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கையைக் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் தடுப்பூசி போட்டோம். ‘சின்னக் கீறல்தானே’ என்று விட்டுவிடக்கூடாது. வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. பூனைக் கீறலுக்கும் பூனைக் கடிக்கும் அதே கவனம் வேண்டும். பாலும் தப்பு. தாய்ப்பாலில் இருக்கும் பூனைக்குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. வயிற்றால் போகும். எங்கள் பீரோவுக்கு அடியிலும் போனது. கால்நடை மருத்துவர் சொன்னபிறகுதான், சினிமாவிலும் கதையிலும் பார்த்த ‘பூனைக்குப் பால்’ எப்படிப்பட்ட அரைகுறைப் பாடம் என்று புரிந்தது.

ஊசி போட்டுக்கொண்டு வந்த மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “நான் எவ்ளோ ஆசையாத் தூக்கினேன்... என்னையப் போயி பிராண்டிருச்சு. நன்றி கெட்டது!”

நன்றி கெட்டது! வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அதன்மேல் ஒரு கடன்.

நான் பி.காம். படித்தவன். ‘பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு’ என்பது முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த விதி. நினைத்துப் பார்த்தால் வீடுகளிலும் நாம் இந்தப் பேரேட்டைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். பால் வைத்தேன், வரவு. துணி விரித்தேன், வரவு. கொஞ்சினேன், வரவு. பூனையின் கணக்கில் எல்லாமே பற்று. அது வந்து மடியில் படுத்தால்தான் கணக்கு நேராகும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். எதிர்க்கட்சிக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. அதனுடைய புத்தகத்தில் எழுதியிருப்பது வேறு. தாய் போனது, நஷ்டம். சாக்கு, நஷ்டம். ஆறேழு ராட்சச முகங்கள், நஷ்டம். அதன் கணக்குப்படி கடன்காரர்கள் நாங்கள்.

மூன்றாம் நாள் காலையில் மேஸ்திரியிடமிருந்து போன்.

“சார், சும்மா சொல்லலாம்னுதானுங்க... அந்தத் தாய்ப்பூனை ரெண்டு நாளா ராத்திரியில வந்து கத்தீட்டே சுத்துதுங்க. அதானுங்க.”

‘குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் அலையறே?’ என்று வாழ்நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அன்றைக்குத்தான் அந்த வாக்கியத்துக்குள் ஒரு நிஜப் பூனை இருப்பது எனக்குத் தெரிந்தது. தாய்ப்பூனை இடம் மாற்றும்போது குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நேரம் ஆகும். ‘நின்னு போச்சு’ என்று நாங்கள் முடிவு கட்டிய குட்டி, ஒருவேளை வரிசையில் காத்திருந்த கடைசிக் குட்டியாக இருந்திருக்கலாம்.

மகளிடம் சொல்லவில்லை. கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். “தாய் இருக்கிற இடம் தெரிஞ்சா கொண்டுபோய் விடுங்க. மனுஷ வாசனை பட்டா சேர்க்காதுன்னு சொல்றதை நம்ப வேண்டாம். பெரும்பாலும் சேர்த்துக்கும்” என்றார். அன்று ராத்திரி தனியாக மில்லுக்குப் போனேன். மூட்டை அடுக்கு இருந்த இடம் காலி. லாரி ஏற்றியாகிவிட்டது. சிமென்ட் தரையில் உமியும் தூசியும். பத்து மணிவரை நின்றேன். பூனை வரவில்லை. மறுநாள் போனேன். அன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாளும் போயிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

வரவேண்டிய பணம் வராது என்று தெரிந்தால் ‘வாராக்கடன்’ என்று எழுதித் தள்ளுவோம். அதற்கு இடம் இருக்கிறது. நாம் கொடுக்கவேண்டிய கடன், கொடுக்கவேண்டியவர் இருக்கும் இடமே தெரியவில்லை என்றால் அதற்கு என்ன தலைப்பு? கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

வைணவத்தில் ஒரு பழைய விவாதம் உண்டு. இறைவன் மனிதனைக் காப்பாற்றுவது குரங்கு போலவா, பூனை போலவா? குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். முயற்சி குட்டியுடையது. இது மர்க்கட நியாயம், வடகலையார் சொல்வது. பூனைக்குட்டி எதுவும் செய்யவேண்டாம். தாயே கவ்விக்கொண்டு போகும். இது மார்ஜார நியாயம், தென்கலையார் சொல்வது. சரணாகதிக்குப் பூனைக்குட்டியைவிட நல்ல உதாரணம் இல்லை. தாயின் வாயில் அது கைகாலை மடக்கி, துவண்டு, அப்படியே தொங்கும்.

நான் அந்த வேதாந்தத்துக்குள் போகவில்லை. என் சந்தேகம் சின்னது. அந்த உவமையில் கவ்வுவது தாய். அதே பிடரியை நான் பிடித்துத் தூக்கினாலும் குட்டி துவண்டுதான் தொங்குகிறது. மேஸ்திரி தூக்கியபோதும் தொங்கியது. ‘பாருங்க, எவ்ளோ சாதுவா இருக்குது’ என்றார். அது சாதுவா? பிடரியைப் பிடித்தால் துவளுவது உடம்பின் இயல்பு. மனசு சம்மதித்தது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. அதனால்தான் பூனை மருத்துவம் அறிந்தவர்கள் இப்போது பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்கிறார்கள். சத்தம் போடாமல் இருப்பதற்கும் சம்மதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பூனைக்கு மட்டும் பொருந்துவதா என்ன? முதல் நாள் ஹாஸ்டலில் விடப்பட்ட குழந்தை அழாமல் நிற்பதைப் பார்த்து, ‘என் பையன் சமத்து’ என்று சொல்லிவிட்டு வந்த அப்பாக்கள் நமக்குள் எத்தனை பேர்?

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தவர் என் அம்மா. எழுபது தாண்டியவர். பூனை வந்ததில் அவருக்குச் சம்மதமே இல்லை. ‘ஊடு பூரா மசுரு கொட்டும்’ என்பது அவர் கட்சி. நாலாம் நாள் மதியம், நாங்கள் மறுபடி டார்ச்சும் கையுமாகப் படுத்திருந்தபோது, அம்மா உள்ளே வந்தார்.

“எந்திரிங்க மொதல்ல. எல்லாரும் அக்கட்டப் போங்க. அதைய இப்படி மொறச்சுப் பாத்துட்டே இருந்தா எப்படி வரும்?”

“பயம் போகோணுமில்ல ஆத்தா?” என்றாள் மகள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நான் சென்னிமலைப் பக்கமிருந்து இந்த ஊட்டுக்கு வந்தப்ப எனக்குப் பதினேழு வயசு சாமி. வந்த அன்னிக்கு ஊர்ச்சனம் பூரா சுத்தி உக்காந்துட்டு, ‘புள்ள ஏன் சிரிக்க மாட்டீங்குது, ஏன் சோறு திங்க மாட்டீங்குது’ன்னு ஒரே பேச்சு. உங்கப்பா வேற, எல்லாருக்கும் முன்னால, ‘ஏன், இந்த ஊடு புடிக்கலையா’ன்னு கேட்டுப்புட்டாரு. எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. தாவாரத்துல நெல்லுக் குதிருக்குப் பின்னால போயி உக்காந்துட்டேன். எங்க மாமியா, உங்காத்தா, வந்தாங்க. ஒரு வார்த்தை கேக்குல. வட்டல்ல சோத்தையும் கொழம்பையும் வெச்சுட்டு, என்ற மூஞ்சியப் பாக்காத, அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்டு அரிசியில கல்லுப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. நான் தின்னு முடிக்கற வரைக்கும் திரும்பவே இல்ல. அன்னிக்குத் தின்னனே, அதுதான் நான் இந்த ஊட்டுல தின்ன மொதச் சோறு.”

ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இந்தக் கதையை அம்மா என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தக் குதிரை எனக்குத் தெரியும். சின்ன வயசில் அதற்குப் பின்னால் நானும் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். அங்கே அம்மாவும் ஒருநாள் ஒளிந்திருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது.

‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்றுதான் பொருள். விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர். முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்று அனிச்சப் பூவை வைத்துச் சொன்னார் வள்ளுவர். பாட்டிக்குக் குறள் தெரிந்திருக்குமா, தெரியாது. ஆனால், சில நேரம் நல்ல முகத்தோடு பார்த்தால்கூட விருந்தினர் வாடிவிடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணை எடுத்துக்கொள்வதும் ஒரு உபசாரம்.

அதன்பிறகு நிர்வாகம் அம்மா கைக்குப் போனது. ஹாலில் இருந்த பீரோவோடு மல்லுக்கட்டுவதை விட்டோம். ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு, சோறும் வேகவைத்த மீனும் பிசைந்த கிண்ணத்தைப் பின்பக்கச் சின்ன அறையில் வைத்தோம். ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே என் கிழிந்த வேட்டி. தள்ளி ஒரு மூலையில் தட்டு நிறைய மணல். பசி பீரோவைவிடப் பெரிது. விடியும்போது பொன்னி பெட்டிக்குள் இருந்தது. கதவைச் சாத்தினோம்.

கதவைச் சாத்துவது சரியா என்று எனக்கு உறுத்தல். சிறைதானே அது? அப்போது எங்கள் ஊர் கொரங்காடு ஞாபகம் வந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கொரங்காடு என்பது எங்கள் மானாவாரி மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும். சுற்றிலும் கிளுவை முள்ளால் உயிர்வேலி. மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், பின்னாலேயே கோலோடு ஆள் சுற்ற வேண்டியதில்லை. மாடு தன் இஷ்டத்துக்கு மேயும், நிழலில் படுக்கும். வேலி மாட்டை அடைத்து வைப்பது உண்மை. ஆனால், வேலி இருப்பதால்தான் ஆளின் தொந்தரவு இல்லை என்பதும் உண்மை. ஒரு சின்ன அறையும் அப்படித்தான். பெரிய வீடு முழுக்க உனக்குத்தான் என்று புதிதாக வந்தவரிடம் சொன்னால், அவருக்கு அது பெரிய காடு. ஒரு மூலை உன்னுடையது, அங்கே யாரும் கை நீட்டமாட்டோம் என்றால், அது வீடு.

இதை நெதர்லாந்தில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, 2014-ல் வெளியானது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு மட்டும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளிடம் முதல் சில நாட்களிலேயே பதற்றம் குறைந்துவிட்டது. ஒளிய இடம் கொடுத்தால் ஒளிந்தே கிடக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது தலைகீழ். ஓடி ஒளிய ஒரு இடம் உண்டு என்ற தைரியத்தில்தான் அது வெளியே காலெடுத்து வைக்கிறது.

‘அப்படியானால் தனியாக விட்டுவிட்டால் போதுமே’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. ‘அதோட சுதந்திரத்தில் தலையிடக்கூடாது’ என்று சொல்லிக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விடலாம். நம்மில் பலர் பெற்றவர்களையும் பிள்ளைகளையும் இந்த வசனத்தை வைத்துத்தான் கைகழுவுகிறோம்.

ஆனால், பூனை விஷயத்தில் இந்தச் சாக்கு செல்லாது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் என்ற உளவியல் பேராசிரியர் 1980-களில் பூனைக்குட்டிகளை ஆராய்ந்தார். பிறந்து சுமார் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை குட்டிக்கு மனிதக் கை பழகவேண்டும். அந்தக் காலத்தில் தினமும் 40 நிமிஷம் கையில் வைத்துப் பழக்கிய குட்டிகள், 15 நிமிஷம் பழக்கியவற்றைவிட மனிதர்களிடம் கூடுதலாக ஒட்டின. அந்த ஜன்னல் மூடியபிறகு பழக்குவது முடியாதது அல்ல. ஆனால், கஷ்டம், நாள் பிடிக்கும். பொன்னிக்கு அந்த ஜன்னல் மூடும் நேரம். வலுக்கட்டாயமாகத் தூக்கினால் பயம் இறுகும். கண்டுகொள்ளாமல் விட்டால் காட்டுப்பூனை ஆகும். இரண்டுக்கும் நடுவில் என்னதான் செய்வது?

பதில் என் தாத்தாவிடம் இருந்தது. எங்கள் அப்பாரு கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் ஒரு பசு பிடித்துவந்தால், முதல் வாரம் அதைத் தட்டிக்கொடுக்கக்கூட மாட்டார். பழைய மாட்டுக்குப் பக்கத்தில் கட்டுவார். தீனி போடுவார். ராத்திரி கயிற்றுக் கட்டிலைக் கட்டுத்தரை ஓரம் போட்டு, அங்கேயே படுத்துக்கொள்வார். பசுவைப் பார்க்கமாட்டார். ஆனால் அங்கே இருப்பார். இருமுவார், பீடி பற்றவைப்பார், தனக்குள் ஏதோ பேசிக்கொள்வார். எட்டாம் நாள், பத்தாம் நாள், பசு தானாகத் தலையை நீட்டி அவர் தோளை முகர்ந்து பார்க்கும். ‘ம்... வந்துட்டியா’ என்பார், ஏதோ வெளியூர் போயிருந்த பொண்ணு வந்த மாதிரி.

ஆக, பக்கத்தில் இருக்கவேண்டும், ஆனால் எதுவும் கேட்கக்கூடாது. சொல்ல ஒரு வரி. செய்துபார்த்தால் தெரியும், எவ்வளவு கஷ்டம் என்று. தினமும் காலையும் மாலையும் அரை மணி நேரம் அந்த அறையில் தரையில் உட்கார்ந்தேன். நின்றால் நாம் மலை, உட்கார்ந்தால் குன்று, அவ்வளவாவது குறையட்டும் என்று. பேப்பரை மெதுவாக வாய்விட்டுப் படித்தேன். கொப்பரை விலை, பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை எல்லாம் பொன்னி கேட்டது. பெட்டி ஓட்டையில் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். நான் நிமிர்ந்தால் அவையும் மறையும்.

எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை சும்மா இருப்பானா? ‘மூணு நாளா வர்றேன், ஒரு அடிகூட வெளியே வரலையே’ என்பான். அப்போதுதான் வணிகவியலில் படித்த இன்னொரு விதி உறைத்தது. ‘நற்பெயர்’ என்று ஒரு சொத்து உண்டு. குட்வில். கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் வியாபாரத்தில் அதுதான் பெரிய சொத்து. அதற்கு ஒரு விசேஷம். ‘எனக்கு இவ்வளவு நற்பெயர் இருக்கிறது’ என்று நமக்கு நாமே மதிப்புப் போட்டு நம் புத்தகத்தில் எழுதிக்கொள்ள முடியாது. வேறொருவர் அதற்கு விலை கொடுத்து வாங்கும்போதுதான் அது கணக்குக்கே வரும். நம்பிக்கையும் அப்படித்தான். ‘நான் நல்லவன், என்னை நம்பு’ என்று நான் எழுதிக்கொள்ளும் தொகை செல்லாது. எவ்வளவு, எப்போது என்று முடிவுசெய்யும் அதிகாரம் முழுக்க எதிராளியிடம். அது பாரபட்சமான ஏற்பாடு என்று தோன்றலாம். ஆனால், சாக்கில் கட்டிக் கொண்டுவந்தது யார்? அந்த அதிகாரமாவது அதனிடம் இருக்கட்டும்.

பூனைகளின் சரித்திரமும் இதைத்தான் சொல்கிறது. மேற்காசியப் பக்கம் மனிதன் விவசாயம் தொடங்கி, சுமார் 10,000 வருஷங்களுக்கு முன் தானியத்தைச் சேர்த்து வைத்தபோது எலி வந்தது. எலிக்காகக் காட்டுப்பூனை வந்தது. மனிதனை நோட்டம் விட்டு, ஆபத்தில்லை என்று தெரிந்து, மெல்ல மெல்லத் தானே பக்கத்தில் வந்தது என்றுதான் ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகள் கிடைத்தன. வயசு 9,500 வருஷம். அன்றைய தானியக் குழிக்கும் இன்றைய காங்கேயம் அரிசி மில்லுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பூனை யாரும் கூப்பிட்டு வந்ததில்லை. கூப்பிடாமல் இருந்ததால் வந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். கோயம்புத்தூர் போய்வந்த அலுப்பு. சுவரில் சாய்ந்து பேப்பரைப் பிடித்தபடி கண் அயர்ந்துவிட்டேன். கால் பெருவிரலில் ஏதோ ஈரம். பாதி கண்ணைத் திறந்தேன். பொன்னி. மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை மறுபடி மெல்ல மூடினேன். மெல்லத் திறந்தேன். அது என்னைப் பார்த்தது. அதுவும் கண்ணை மெதுவாக மூடித் திறந்தது.

இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியதுதான். பூனையைப் பார்த்து மனிதர் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால், பூனையும் அப்படியே பதில் சொல்ல வாய்ப்பு அதிகம். அப்படிக் கண்சிமிட்டிய அறிமுகமில்லாத மனிதர் கையை நீட்டினால்கூட அருகே வருகிறது. விறைத்துப் பார்ப்பது பூனை பாஷையில் மிரட்டல். கண்ணை மூடுவது சமாதானம். ‘பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா’ என்று கேலி செய்கிறோம். உலகம் இருளாதுதான். ஆனால், எதிரில் இருப்பவர் கண்ணை மூடினால், தான் கண்காணிக்கப்படும் ஒரு உலகம் ஒரு கணம் இல்லாமல் போகிறது. பயந்த ஜீவனுக்கு அந்த ஒரு கணம் போதும்.

நான் தூங்கிப்போனதால்தான் அது வந்தது. ஒன்பது நாள் முயற்சியில் கிடைக்காதது, முயற்சியை மறந்த அஞ்சு நிமிஷத்தில் கிடைத்தது. ஆனால், அந்த ஒன்பது நாளும் உட்காராமல் இருந்திருந்தால் இந்த அஞ்சு நிமிஷமும் வந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அடுத்த நாள் மகளை அழைத்துப் போனேன். அவளுக்கு அள்ளித் தூக்கவேண்டும்போல் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். பொன்னி அவளைச் சுற்றி இரண்டு தடவை நடந்தது. முன்கையில் ஆறிக்கொண்டிருந்த அந்த மூன்று கோடுகளை முகர்ந்தது. மகள் அசையவில்லை. கண்ணில் தண்ணீர். வெளியே வந்ததும், “அப்பா, அதுக்கு அதோட அம்மா ஞாபகம் இருக்குமா?” என்றாள்.

அப்போதுதான் மேஸ்திரியின் போனைப் பற்றி அவளிடம் சொன்னேன். மில்லுக்கு இரண்டு ராத்திரி போனதையும், மூன்றாம் ராத்திரி போகாததையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அன்னிக்கே சொல்லியிருந்தா நாம குடுத்திருக்கலாமில்லப்பா?” என்று கேட்டாள். ஆமாம், கொடுத்திருக்கலாம். அதனால்தான் நான் சொல்லவில்லையோ என்னவோ. என் மகளை அதற்குப்பிறகு இரண்டு நாள் நான் அதிகம் கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் மட்டும் இருந்தேன்.

பொன்னி இப்போது நன்றாக இருக்கிறது. ‘மசுரு கொட்டும்’ என்று சொன்ன அம்மாவின் கட்டில் கால்மாட்டில்தான் படுக்கை. ஆனால், பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். குக்கர் விசில் அடித்தால் இன்னும் பீரோவுக்கு அடியில்தான் பாய்ச்சல். முன்பெல்லாம் நாங்கள் குனிந்து எட்டிப் பார்ப்போம். இப்போது யாரும் பார்ப்பதில்லை.

அம்மா மட்டும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, முறத்தை மடியில் வைத்து, அரிசியில் கல் பொறுக்க ஆரம்பிப்பார். இப்போது வரும் அரிசியில் கல் ஏது?